தொண்டின் கடைசி வாரம்

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் இளைஞர் அணியினர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பணி ஓய்வு பெற்று, கை கால் திடமாக இருந்தும், பொழுதை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் இருக்கும் பெரியவர்கள் நம்மில் பலர். விருப்பமுள்ளவர்களை மூன்று மாதம் ஆப்பிரிக்க நாடுகளில் உள்ள பள்ளிகளுக்குத் தொண்டர்களாக அனுப்பலாம். விமானச் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கலாம் என்பது அந்த யோசனை. கைதட்டல் பலமாகவே இருந்தது. கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னிடம் வந்து, "சார், நீங்கள் போய் வந்தவராயிற்றே, இதழுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். அதனால் இந்தக் கட்டுரை.

யோசனை நல்லது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனை சேர வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. போக விரும்புகிறவரிடம், "அங்கே போய் என்ன செய்வீர்கள்?" என்று நாம் கேட்போம். அதற்கு எல்லோரிடமும் அழகான பதில் இருக்கும். அதைவிட, "கிளம்பும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். கடைசி வாரங்களுக்கு என்ன திட்டம் என்று எழுதி வாங்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாதவருக்குச் சங்கம் டிக்கெட் வாங்கித் தரக் கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை நான் தான்சானியா நாட்டின் மேற்கே, தபோரா வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொண்டனாக இருந்தேன். கணக்குப் பாடம் நடத்தினேன். குழாய், பெஞ்சு, கூரைத் தகடு என்று கைக்கு வந்த பழுதுகளையும் பார்த்தேன். தபோரா ஒரு ரயில்வே ஊர். தாருஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து சுமார் 840 கிலோமீட்டர். ஜெர்மானியர் ஆண்ட காலத்தில், 1905-ல் தொடங்கி 1914-ல் தாங்கனிக்கா ஏரிக்கரையிலுள்ள கிகோமாவை எட்டிய மீட்டர் கேஜ் பாதையில் அது ஜங்ஷன். முவான்சாவுக்குப் போகும் பாதை அங்கேதான் பிரிகிறது. சுவாஹிலி மொழியில் ரயிலுக்கு 'காரி லா மோஷி' என்று ஒரு பெயர் உண்டு. 'மோஷி' என்றால் புகை. 'காரி' என்பது நாம் நாக்பூரில் தினமும் கேட்கும் 'காடி'தான். ஆக, சாட்சாத் நம் புகைவண்டி! முப்பத்தேழு வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும், ஊர் பழகிவிட்டது.

பிள்ளைகள் என்னைப் 'பாபு' என்றார்கள். நம் ஆபீசில் பாபு என்றால் குமாஸ்தா. அங்கே பாபு என்றால் தாத்தா. பதவி உயர்வு என்று வைத்துக்கொண்டேன்.

சார்ஜ் கொடுப்பது

ரயில்வேக்காரர்களுக்குச் சார்ஜ் கொடுப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாதை பராமரிப்புப் பிரிவில் ஒரு பி.டபிள்யூ.ஐ. மாற்றலாகிப் போகிறார் என்றால், மாலை போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிட முடியாது. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து செக்‌ஷன் முழுவதையும் ட்ராலியில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த வளைவில் தண்டவாளம் சீக்கிரம் தேய்கிறது, எந்தக் கட்டிங்கில் மழைக்கு மண் சரியும், எந்தப் பாலத்தில் என்ன வேகக் கட்டுப்பாடு என்று இடத்திலேயே நின்று காட்ட வேண்டும். ஸ்டோர்ஸில் உள்ள கருவிகளை எண்ணி லெட்ஜரோடு ஒப்பிட வேண்டும். பாக்கி வேலைகளைக் குறிப்பில் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட பிறகுதான் போகிறவருக்கு விடுதலை.

இளவயதில் எனக்கும் இது வெறும் காகிதச் சடங்காகத்தான் தோன்றியது. நாலு மழைக்காலம் பார்த்த பிறகு புரிந்தது. போகிறவரின் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயங்கள், வருகிறவரின் தலைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், ஏதோ ஒரு மழை இரவில் ஏதோ ஒரு வண்டி அதற்கு விலை கொடுக்கும்.

பள்ளிக்கூடத்தில் வண்டி கவிழாது. அதனால் தொண்டர் சார்ஜ் கொடுத்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விலை அங்கேயும் உண்டு. சத்தமில்லாமல் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பள்ளியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே தூசி படிந்த துணிக்கடியில் எட்டுக் கம்ப்யூட்டர்கள். எனக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர், தம் ஊரில் நன்கொடை திரட்டி வாங்கி வந்தவை. நல்ல பிள்ளை என்றே எல்லோரும் சொன்னார்கள். பிரியாவிடை விழாவில் மாணவர்கள் அழுதார்களாம். ஆனால் கம்ப்யூட்டர்களைத் திறக்கும் கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் போன பிறகு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒன்றரை வருடம் அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. பிறகு நகரத்திலிருந்து ஒருவரை வரவழைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினோம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

மழைநீர்த் தொட்டியும் அப்படியே. கூரைத் தண்ணீரைப் பிடிக்கக் கட்டிய நல்ல சிமென்ட் தொட்டி. ஆனால் அதில் பொருத்தியிருந்த குழாய் வெளிநாட்டு அளவு. அது உடைந்ததும் தபோரா கடைத்தெரு முழுவதும் தேடியும் மாற்றுக் கிடைக்கவில்லை. துவாரத்தில் மரக்கட்டையை அடித்துத் துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள். தண்ணீர் கசிந்து வீணாக, பிள்ளைகள் குடம் தூக்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போனார்கள். கடைத்தெருவில் எந்நேரமும் கிடைக்கும் அரை அங்குலப் பித்தளைக் குழாய் ஒன்றைப் பொருத்த எனக்கு ஒரு பகல் பிடித்தது.

கைப்பம்பு சொல்லும் பாடம்

இது தனி மனிதர்களின் குறை மட்டுமன்று. பெரிய திட்டங்களிலும் இதே கதைதான். 2006-ல் தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் முதலிய நாடுகளுக்காக ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. பள்ளி மைதானத்தில் குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால், அந்தச் சுழற்சியில் தண்ணீர் மேலேறித் தொட்டி நிரம்பும். 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு. கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் எந்நேரமும் குழந்தைகள் விளையாடிக்கொண்டே இருப்பார்களா? குடத்தோடு வந்த பெண்கள் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். பழுதானபோது ஊராரால் சரிசெய்ய முடியவில்லை. திட்டம் இலக்கை எட்டாமலே நின்றது.

நேர்மாறான உதாரணமும் உண்டு. நம் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் பிறந்த ஒரு கைப்பம்பை அடிப்படையாகக் கொண்டு, 1970-களில் யூனிசெஃப் ஒத்துழைப்போடு இந்தியா மார்க் 2 பம்பு உருவானது. கோவைப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது. இரும்பு போல் உழைக்கும் பம்பு. ஒரே சிரமம், கீழே உள்ள சிலிண்டர் பழுதானால் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலியும் வண்டியும் பழகிய ஆட்களும் வேண்டும். வண்டி வரும் வரை ஊர் காத்திருக்க வேண்டும். ஆகவே 1980-களில் கென்யா, மலாவி நாடுகளில் அஃப்ரிதேவ் என்ற இன்னொரு வகைப் பம்பை உருவாக்கினார்கள். ஒரே ஒரு ஸ்பேனர் இருந்தால் ஊர்ப் பெண்களே கழற்றி மாட்டலாம். பம்பைத் தயாரித்தவர் போன பிறகு அது எப்படி ஓடும் என்பதை முதலிலேயே யோசித்துச் செய்த வேலை அது.

தொண்டரும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். தாம் இல்லாத நாளை மனதில் வைத்து முதல் நாள் வேலையைத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தாரா என்பது கடைசி வாரத்தில் தெரிந்துவிடும்.

முக்கோணமும் பெம்பேதாத்துவும்

அந்தப் பள்ளியில் என் முக்கிய வேலை எது என்று சொன்னால்தான் ஒப்படைப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். தான்சானியாவில் தொடக்கப் பள்ளி ஏழு வருடம். அரசுப் பள்ளிகளில் எல்லாப் பாடமும் சுவாஹிலியில். எட்டாவது வருடம் உயர்நிலைப் பள்ளியின் முதல் படிவத்தில் நுழைந்ததும் சுவாஹிலி ஒரு பாடமாகச் சுருங்கி, மற்ற எல்லாம் ஆங்கிலமாகிவிடும். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நாலாம் படிவம் வரை கல்விக் கட்டணம் 2016 ஜனவரியில் நீக்கப்பட்டது. முன்பு வாசலிலேயே நின்றுவிட்ட ஏழைப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். நல்ல காரியம். வகுப்புகளும் நிரம்பி வழிந்தன. என் முதல் படிவ வகுப்பில் 72 பேர். கணக்கு வராத பிள்ளைகள் அவர்களில் குறைவு. கேள்வி புரியாத பிள்ளைகள்தான் அதிகம்.

இந்த வேதனை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு, 1978-ல் டிப்ளமோவுக்குப் போய் உட்கார்ந்தபோது, முதல் மூன்று மாதம் சர்வே வகுப்பில் நான் கேட்டதெல்லாம் வெறும் ஓசை. ஒரே ஒரு விரிவுரையாளர் மட்டும், தமிழில் பொருளைச் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதுவார். அவர் வகுப்பில் தேறினேன். அதனால்தான் இன்ஜினியர் ஆனேன்.

அதையே அங்கே செய்தோம். செய்தோம் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், எனக்குச் சுவாஹிலி அரைகுறை. உள்ளூர்க் கணக்கு ஆசிரியர், ஓர் இளைஞர், அவர்தான் உண்மையான ஆள். கூட்டலுக்கு 'ஜும்லிஷா', பெருக்கலுக்கு 'ஸிதிஷா', வகுத்தலுக்கு 'கவான்யா' என்று அவர் சொல்லச் சொல்ல, சுவரில் மாட்டும் பெரிய அட்டைகளில் இரண்டு மொழியிலும் எழுதினோம். முக்கோணத்துக்கு அவர்கள் சொல் 'பெம்பேதாத்து'. 'பெம்பே' என்றால் கோணம், 'தாத்து' என்றால் மூன்று. எழுத்துக்கு எழுத்து நம் முக்கோணம்! என் தமிழ்ச் சொல்லையும் அதன் பிரிப்பையும் பலகையில் எழுதிக் காட்டியபோது, பிள்ளைகளுக்கு ஒரே ஆரவாரம். தங்கள் மொழியில் கணக்கு உண்டு, அது வேறொரு நாட்டு மொழியைப் போலவே சிந்திக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

வருட நடுவில் 140 சொற்கள் சேர்ந்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சித் தாள்கள். முதலில் கேள்வி சுவாஹிலியில், பிறகு பாதி ஆங்கிலத்தில், பிறகு முழுவதும் ஆங்கிலத்தில். படிப்படியாகப் படகு மாற்றுவது மாதிரி. இத்தனையும் என் நோட்டில், என் அறையில், என் தலையில் இருந்திருந்தால், நான் விமானம் ஏறும் நாளோடு முடிந்திருக்கும்.

கடைசி வாரங்களில் செய்தவை

அங்கே கல்வி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நான் டிசம்பர் முதல் வாரம் கிளம்ப வேண்டும். நவம்பர் முதல் தேதியிலிருந்து சாக்பீஸைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கணக்கு ஆசிரியர் அட்டைகளை வைத்துத் தம் பாணியில் நடத்தினார். என் வரிசையை மாற்றினார். நான் வாழைப்பழத்தை வைத்துச் சொன்ன பின்னத்தை, அவர் ஒரு ஏக்கர் சோளக் கொல்லையை வைத்துச் சொன்னார். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்த மாதத்தில் எனக்கு இருந்த ஒரே கஷ்டமான வேலை.

அரசு ஆசிரியர் என்றால் மாற்றல் எப்போதும் வரலாம். நம் ரயில்வேயைப் போலத்தான். அதனால் இயற்பியல் ஆசிரியையையும் கூட உட்காரச் சொன்னேன். "எனக்கு எதற்கு பாபு இது?" என்றார். "ஒரு வண்டிக்கு இரண்டு பிரேக் உண்டு அம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பயிற்சித் தாள்களை மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று கணக்கு ஆசிரியரிடம், ஒன்று இயற்பியல் ஆசிரியையிடம், ஒன்று தலைமையாசிரியையின் அலமாரியில்.

தபோராவில் மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை பெய்யும். அதற்கு முன் கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் சேர்ந்த சருகைத் தள்ளி, தொட்டியைக் கழுவி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அந்த வருடம் அதை மூன்றாம் படிவ மாணவர்களும் காவலாளியும் செய்தார்கள். நான் கீழே நின்றேன். செய்ய வேண்டியவை எவை, எந்த மாதம், எந்த அளவுக் குழாய், எந்தக் கடை என்று சுவாஹிலியில் எழுதித் தொட்டிக்கு எதிர்ச் சுவரிலேயே பெயின்டால் எழுதிவிட்டார்கள். காகிதம் தொலையும், சுவர் தொலையாது.

நம் சங்க அன்பர்கள் சிலர் அனுப்பிய பணத்துக்கு வரவு செலவு எழுதி, பள்ளிக் குழுவிடம் ஒப்படைத்து, ஒரு நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். சாவிகள், கருவிகள் எல்லாம் பட்டியலிட்டுக் கையெழுத்து. "எங்கள் மீது நம்பிக்கை இல்லையா?" என்று காவலாளி கேட்டார். "நாளை உங்களை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அண்ணே" என்றேன். புரிந்துகொண்டு அவரே கருவிகளை எண்ணிக் கொடுத்தார்.

பெற்றோர்கள் ஆடு வெட்டி விருந்து வைக்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து வைக்கும் விருந்து. மறுத்தால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு, ஒப்புக்கொண்டால் கடன். தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். வருடக் கடைசிப் பரிசளிப்பு விழா எப்படியும் உண்டு, அதிலேயே வைத்துக்கொள்வோம் என்று. உகாலியும் அவரையும் தேநீருமாக விழா நடந்தது. தனிச் செலவு இல்லை.

அந்த நாட்களில் முதல் படிவத்து மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். மற்ற பிள்ளைகள், "பாபு, திரும்ப வருவீர்களா?" என்று கேட்டார்கள். இவள் மட்டும், "ஜனவரியில் எங்களுக்கு யார் கணக்கு நடத்துவார்கள்?" என்று கேட்டாள். மூன்று மைல் நடந்து வரும் பெண். இரண்டாம் படிவத்தின் முடிவில் தேசிய அளவிலான தேர்வு உண்டு. அவள் கவலை அவளுக்கு. நான் கணக்கு ஆசிரியரைக் காட்டி, "இந்த மாதம் முழுவதும் நடத்தினாரே, அவர்தான். அவர் இல்லாவிட்டால் இயற்பியல் டீச்சர்" என்றேன். "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

தொண்டுக்கு ஒரே பரீட்சை அந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. "நாளைக்கு யார்?" என்று கேட்டால், ஒரு பெயரைச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் கிளம்பலாம். முடியாவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை.

சில மறுப்புகள்

கட்டுரையின் கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன.

"பிரிகிற நேரத்திலும் லெட்ஜரா? கொஞ்சம் மனசு வேண்டாமா?" என்றார் ஒருவர். மனசு இல்லாமல் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் பிள்ளைகளின் கண்ணீரை நமக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வது தவறு. மூன்று மாதத்துக்கு ஒருவர் வந்து, அன்பு காட்டி, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனால், அந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் ஒருவரை இழக்கிறது. நான் யாருக்கும் வருவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. தனித்தனியாக யாருக்கும் பரிசும் கொடுக்கவில்லை. கடிதம் எழுதினால் வகுப்புக்கு எழுதுகிறேன் என்றேன்; எழுதுகிறேன்.

"மூன்று மாதமாவது செய்யலாமே, ஒன்றும் செய்யாததற்கு அது மேல் அல்லவா?" என்றார் இன்னொருவர். கணக்குப் போடுங்கள். ஊர், மொழி, பாடத்திட்டம் பழக ஒரு மாதம். ஒப்படைக்க ஒரு மாதம். நடுவில் மிஞ்சுவது ஒரு மாதம். 1961-ல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையில் சாதாரண பணிக்காலம் இரண்டு வருடம், பயிற்சி தனி. சும்மா வைக்கவில்லை. போக வர விமானம், விசா, அனுமதிக் கட்டணம், ஊசி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சத்தை ஒட்டி ஆனது. ஆசிரியப் பயிற்சி முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அந்தத் தொகை அவர்களில் ஒருவருக்குச் சில மாதச் சம்பளம். நாம் நேரில் போவதால் அதைவிடக் கூடுதலாக ஏதாவது தர முடியும் என்றால் மட்டும் போக வேண்டும்.

சுவாஹிலியில் ஒரு பழமொழி: 'ம்கெனி சிக்கு ம்பிலி, சிக்கு யா தாத்து ம்பே ஜெம்பே'. விருந்தாளிக்கு இரண்டு நாள் உபசாரம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்று பொருள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாமும் சொல்கிறோம். நாம் அதோடு விட்டுவிட்டோம்; அவர்கள் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள்! நான் இன்னொன்றும் சேர்ப்பேன். விருந்தாளி கிளம்பும்போது மண்வெட்டியைக் காம்பு சரிபார்த்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

"ஆப்பிரிக்கா எதற்கு? பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லையா?" என்றார் மூன்றாமவர். நியாயமான கேள்வி. நாக்பூரிலிருந்து எட்டும் தூரத்தில், அமராவதி மாவட்டத்து மேள்காட்டில், வீட்டில் கோர்க்கு மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியில் படிக்கிறார்கள். பெம்பேதாத்து கதை அங்கேயும் நடக்கிறது. மூன்று மாதம் மட்டுமே ஒதுக்க முடிந்தவர்கள் அங்கே போகட்டும். பிறகும் மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். ஆனால் நிபந்தனை அங்கேயும் அதேதான்.

தபோரா மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு தகுதி உண்டு. தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே தபோராவில் படித்தவர், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். நாடே அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றுதான் அழைத்தது. அவருடைய பொருளாதாரக் கொள்கைகளைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு. ஆனால் 1985-ல், யாரும் தள்ளாமல், தாமாகவே ஜனாதிபதி பதவியை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். ஆப்பிரிக்காவில் அன்று அது அபூர்வம். நல்ல ஆசிரியர் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சங்கத்துக்கு என் யோசனைகள்

ஒன்று. ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர் ஒரு முழுக் கல்வி ஆண்டு இருக்கச் சம்மதிக்க வேண்டும். நடுவில் வந்து நடுவில் போகக் கூடாது.

இரண்டு. யாரிடம் வேலையை ஒப்படைப்பார் என்ற உள்ளூர் ஆசிரியரின் பெயர், சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் சங்கத்துக்கு வர வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் உத்தமம்.

மூன்று. அந்த ஊர்க் கடைத்தெருவில் உதிரி பாகம் கிடைக்காத எந்தப் பொருளையும் நம் பணத்தில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

நான்கு. கடைசி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. அந்த மாதம் உள்ளூர்க்காரர் செய்ய, நம்மவர் பார்க்க வேண்டும்.

ஐந்து. சங்கம் தரும் பணத்தின் கடைசித் தவணையை, அவர் திரும்பி ஆறு மாதம் கழித்து, எது நடக்கிறது, எது நின்றுபோனது என்று அந்தப் பள்ளியிலிருந்து கடிதம் வந்த பிறகே தர வேண்டும். அறிக்கை பள்ளி எழுதுவதாக இருக்கட்டும், தொண்டர் எழுதுவதாக வேண்டாம்.

ஐந்தாவது யோசனை கடுமையாகத் தோன்றலாம். எனக்குக் கடிதம் 2024 ஆகஸ்டில் வந்தது. கணக்கு ஆசிரியருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். முதல் படிவத்துக்கு இப்போது இயற்பியல் ஆசிரியை நடத்துகிறார். சொல் அட்டைகள் 200-ஐத் தாண்டிவிட்டன. இயற்பியலுக்கும் தனி அட்டைகள் வந்துவிட்டன. தகரக் கால்வாயைத் தாங்கும் கொக்கிகளில் இரண்டு காற்றில் பிடுங்கிக்கொண்டன. பழைய சைக்கிள் கம்பியை வளைத்து அவர்களே மாட்டிவிட்டார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த ஐந்தையும் தீர்மானத்தோடு சேர்த்து விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் அடுத்த இதழுக்குத் தவறாமல் எழுதுங்கள். போகப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள், பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கிளம்பும் மாதத்தில் செய்ய வேண்டியவற்றை முதலில் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் தாராளமாகப் போய் வாருங்கள்.